செயற்கை இரத்தக் குழாயில் உட்படலம் அமைத்தல்

நோயாளியின் சொந்தச் செல்களைக் கொண்டு செயற்கை இரத்தக் குழாயின் உட்சுவரை மூடும் மருத்துவ முறை. கால் தமனி அடைபட்டு, பைபாஸ் செய்வதற்கு ஏற்ற சிரை உடலில் கிடைக்காதவர்களுக்கே இது முதன்மையாகப் பயன்பட்டது.

தேவை

இயற்கையான இரத்தக் குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காகப் படர்ந்துள்ளன. இவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் காக்கின்றன. செயற்கைக் குழாய்க்கு இந்தக் காப்பு இல்லை. மகாதமனி போன்ற அகன்ற இடத்தில் அது நெடுநாள் உழைக்கும். விட்டம் 6 மி.மீ.க்குக் குறைந்தால் இரத்தம் உறைந்து எளிதில் அடைபடும்.

தோற்றம்

1947இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஆர்தர் வோரீஸ், ஒரு நாயின் இதய அறைக்குள் தவறுதலாக அமைந்துவிட்ட பட்டுத் தையல் நூலைச் சில மாதங்களுக்குப் பின் கண்டார். நூலைப் பளபளப்பான படலம் மூடியிருந்தது. துணிக்குழாயையும் உடல் இவ்வாறே மூடிக்கொள்ளும் என எண்ணி, வின்யான்-என் துணியில் குழாய் தைத்தார்; ஆய்வு 1952இல் வெளியானது. டாக்ரானும் விரிவாக்கிய டெஃப்ளானும் பின்னர் வந்தன. ஆனால் மனித உடலில் இப்படலம் தையல் ஓரத்திலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் நின்றுவிடுகிறது. நடுப்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கிறது.

விதைப்பும் நடவும்

1973இல் எரிக் ஜாஃப் குழுவினர் தொப்புள்கொடிச் சிரையின் எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தனர். 1978இல் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த மால்கம் ஹெர்ரிங், நாயின் சிரையிலிருந்து எஃகுக் கம்பளியால் செல்களைச் சுரண்டி, இரத்தத்தில் கலந்து, டாக்ரான் குழாயில் ஊறவைத்தார். இதற்கு அவர் இட்ட பெயர் ‘விதைத்தல்’. மனிதரில் இம்முறை ஏமாற்றமே தந்தது: கிடைத்த செல்கள் சொற்பம், அவற்றிலும் பெரும்பகுதியை இரத்த ஓட்டம் அடித்துச் சென்றது.

நேரடி விதைப்பு பொய்த்தபின் நாற்றங்கால் அமைப்பதுபோல், வியன்னாவில் பீட்டர் ஜில்லா, மான்ஃபிரெட் டாய்ச், யோஹான் மைன்ஹார்ட் ஆகியோர் செல்களை முதலில் பெருக்கினர். நோயாளியின் சிறு சிரைத்துண்டிலிருந்து நொதியால் செல்களைப் பிரித்து, வாரக்கணக்கில் வளர்த்தனர். டெஃப்ளான் குழாயின் உள்ளே ஃபைப்ரின் பசை பூசிச் செல்களை ஊற்றினர். எல்லாப் பக்கமும் சமமாகப் படியும்படி குழாயை மெல்லச் சுழற்றினர். 100 நோயாளிகளிடம் பெற்ற ஒன்பதாண்டு அனுபவத்தை 1999இல் வெளியிட்டனர். உட்படலமற்ற குழாய்களைவிட இவை தெளிவாகவே நீண்டகாலம் அடைபடாதிருந்தன.

எல்லையும் தொடர்ச்சியும்

காலமே இம்முறையின் பெருந்தடை. இரத்தமின்றி அழுகத் தொடங்கிய கால், செல் வளரும்வரை காத்திருக்காது. செல் வளர்க்கும் தூய ஆய்வகம் எல்லா மருத்துவமனைக்கும் எட்டுவதுமில்லை. தோஷிஹாரு ஷினோகா தலைமையிலான டோக்கியோ குழு, நாளடைவில் கரையும் குழாயில் நான்கு வயதுச் சிறுமியின் செல்களைப் பதித்து அவளுக்கே பொருத்தியது. இது 2001இல் வெளியானது. 2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த குழாய் வேறு வழியில் செல்கிறது: கொடையாளர் செல்களால் திசுக்குழாய் வளர்த்து, பின் செல்களை நீக்கி, இருப்பில் வைக்கிறார்கள். பொருத்தியபின் நோயாளியின் செல்கள் அதில் குடியேறுகின்றன. வோரீஸ் துணியிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான்.