கச்சத்தீவில் ஓர் இரவு



பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், கச்சத்தீவுக்குப் போய் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்க முடியுமா?"

சுற்றுலாவாகப் போக முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு, அந்தோணியார் திருவிழாவுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு போகிறவர்கள் தங்கலாம். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

பாக் நீரிணையில், ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே இருக்கும் சின்னத் தீவு அது. மொத்தம் 285 ஏக்கர்தான். அதற்கு அந்தப் பக்கம் இலங்கையின் நெடுந்தீவு. பவளப்பாறையும் மணலும் முட்புதரும்தான் அங்கே உண்டு. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அதனால் யாரும் குடியேறவில்லை.

குடியேறாத தீவு என்றால் ஆள் போகாத தீவு என்று எண்ணிவிடாதீர்கள். நைலான் வலை வருவதற்கு முன்பு மீனவர்களிடம் இருந்தது பருத்தி நூல் வலை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மட்கிப்போகும். அதனால் அவ்வப்போது கரையேறி வலையை விரித்து உலர்த்தியே ஆக வேண்டும். பாய்மரப் படகில் வந்தவர்களுக்கு நடுக்கடலில் கிடைத்த கரை இந்தத் தீவு. வலை காயும் வரை சோறு பொங்கிச் சாப்பிட்டு, மணலில் படுத்துத் தூங்கினார்கள். ராமேஸ்வரத்துக்காரரும் யாழ்ப்பாணத் தீவுகளின் மீனவரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு தமிழ்தான்.

சாமியும் ஒன்றாகவே அமைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி அங்கே அந்தோணியாருக்கு ஒரு சிறு கோயில் கட்டினார். கடலோடிகளைக் காப்பவர் என்று மீனவர்கள் நம்பும் புனிதர் அவர். திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் குடும்பத்தோடு வந்தார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி, மறுநாள் காலை திருப்பலி. அதோடு சொந்தபந்தங்களைப் பார்ப்பது, சேலை, சோப்பு, தேங்காய் எண்ணெய் வாங்குவது விற்பது எல்லாம் நடந்தது.

தீவு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு ஆங்கிலேயர் காலத்திலேயே வந்துவிட்டது. ராமநாதபுரம் சேதுபதி ஜமீனைச் சேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு. போர்த்துகீசியர் காலம் முதலே தன்னுடையது என்றது இலங்கை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே போடப்பட்டது. தீவு இலங்கைக்குப் போனது. தமிழக சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவை நினைவில் வையுங்கள். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது அது. ஆனால் 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. தீவில் கால் வைக்கலாம், சுற்றியுள்ள கடலில் வலை வீசக் கூடாது என்று ஆனது.

எல்லைக்கோடு நகர்வது நமக்குப் புதிதல்ல. நம் திருத்தணி வட்டாரமே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் ஆர்.கே.பேட்டையில் இருந்து அந்தப் பக்கம் பெண் எடுக்கவோ சந்தைக்குப் போகவோ யாரும் தடுக்கவில்லை. கடலில் விழுந்த கோடு அப்படி இல்லை.

1983-க்குப் பிறகு இலங்கைப் போரினால் திருவிழா பல ஆண்டுகள் தடைப்பட்டது. 2009-ல் போர் முடிந்தபின் மீண்டும் படகுகள் போயின. 2016 டிசம்பரில் புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. 2024-ல் தங்கள் மீனவர்கள் இலங்கையில் சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து ராமேஸ்வரத்தார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். மறு ஆண்டு மீண்டும் போனார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியை வாரிப்போகிறது, எங்கள் வலைகளையும் அறுக்கிறது என்று யாழ்ப்பாண மீனவர்கள் முறையிடுகிறார்கள். அவர்களும் போரில் எல்லாம் இழந்து மறுபடி தொழிலுக்கு வந்த தமிழர்கள்தான். கைதாகிறவர் வீட்டு அழுகையும் உண்மை, வலை அறுந்தவர் வீட்டுப் பட்டினியும் உண்மை.

தீவை மீட்பது பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். அந்த இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆண்டுக்கு ஓர் இரவு இன்னும் அவர்கள் ஒரே மணலில் படுத்து எழுகிறார்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உங்களில் யாராவது அந்தத் திருவிழாவுக்குப் போயிருந்தால், பார்த்ததைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.