தேய்ந்தது வீதியா, சில்லா?

ஓடித் தேய்ந்த ரயர் ஒன்றின் முகத்தின்மீது உள்ளங்கையை வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மற்றை ஓரத்துக்கும், பின்பு அங்கிருந்து இவ்வோரத்துக்கும் மெல்லத் தடவிப் பார்ப்பது அநுபவம் மிக்க மோட்டார்த் தொழிலாளரின் வழக்கம். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரத்தைப்போற் சொரசொரப்பாகவும் கையிற் படுமாயின், அந்தச் சில்லு தான் செல்லும் வழியை நேரே நோக்கி நிற்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிடும். கோணல் மிகச் சிறியதாகவே இருக்கலாம். ஆயினும் நேர்கோட்டிலிருந்து அரைப் பாகை திரும்பி நிற்கும் சில்லு, 1 கிலோமீற்றர் ஓடி முடிவதற்குள் ஏறக்குறைய 9 மீற்றர் பக்கவாட்டாகவும் இழுபடவேண்டியதாகின்றது. அவ்விழுவையின் விலையை ரயர் செலுத்துகின்றது.

இக்கோணல் ரயரோடு பிறந்ததன்று. இறப்பரை வண்டிச் சில்லிற் பூட்டலாம் என்று எவரும் எண்ணுமுன்னரே இதனால் நட்டம் விளைந்தது. அந்நாளில் அந்நட்டத்தைச் சுமந்தது சில்லன்று, வீதி.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரவண்டிகள் ஒடுக்கமான இரும்புப் பட்டைச் சில்லுகளால் வீதிகளை உழுதுவந்தன. சுங்கம் அறவிடப்பட்ட பெருவீதிகளிற் செல்லும் பாரவண்டிகளுக்கு 9 அங்குல அகலமுள்ள சில்லுகள் வேண்டுமென 1753ஆம் ஆண்டு பாராளுமன்றம் சட்டம் செய்தது. அகன்ற சில்லு உருளையைப்போல் வீதியை அழுத்திச் செப்பனிடும் என்பது சட்டம் செய்தோரின் எண்ணம். எண்ணம் நல்லதே, ஆனால் அவர்கள் தச்சனைக் கேட்கவில்லை போலும்! ஆரக்கால்கள் வெளிநோக்கிச் சரிந்து, தட்டுப்போற் குழிந்திருக்கும்படி சில்லைச் செய்வதே அக்காலத் தச்சரின் முறை. நிலத்தை மிதிக்கும் ஆரக்கால் செங்குத்தாக நின்று பாரம் தாங்கும்பொருட்டு, அச்சின் நுனிகளை அவர்கள் கீழ்நோக்கி வளைத்தனர். அதனாற் சில்லின் தலை வெளியே சாய்ந்தது. சாய்ந்த சில்லின் 9 அங்குல விளிம்பு முழுவதும் நிலத்திற் படியவேண்டுமானால், அவ்விளிம்பு கூம்பின் துண்டமாகவே அமைதல் வேண்டும்.

பம்பரம் ஒன்றைத் தரையிற் கிடத்தி உருட்டிப் பார்த்தால் இதன் விளைவு புலப்படும். அது நேரே ஓடாது. தன் ஆணியைச் சுற்றி வட்டமிடும். கூம்பான சில்லையும் குதிரைகள் வலிந்து நேரே இழுத்தபோது, சிறிய சுற்றளவுள்ள வெளிவிளிம்பும் பெரிய சுற்றளவுள்ள உள்விளிம்பும் ஒரே தூரத்தை ஓடவேண்டியனவாயின. ஒன்று முன்னே இழுபட, மற்றது பின்னே அரைத்தது. வீதியிற் பரப்பிய கல் மாவாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தர் கம்மிங் என்னும் ஸ்கொத்லாந்துக் கடிகார வினைஞர் கூம்புச் சில்லையும் நேருருளைச் சில்லையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இவ்வுண்மையை வற்புறுத்தினார். 1775ஆம் ஆண்டில் நீர் அலம்பும் மலகூடத்தின் வளைகுழாய்க்கு உரிமை பெற்றவரும் இவரே. நுண்ணிய அளவுகளோடு பழகிய கடிகாரக் கை, சேறு படிந்த பாரவண்டியின் குற்றத்தைக் கண்டறிந்தது வியப்பன்று.

திருப்பங்களில் நேரும் இழுவை வேறுவகையானது. குதிரை வண்டியின் முன்னச்சு முழுவதும் நடு ஆணியிற் சுழன்றது. இரு சில்லுகளையும் தனித்தனி முளைகளில் திருப்பும் முறையை மியூனிக் நகரின் வண்டி வினைஞர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் வகுத்தார். திரும்பும்போது உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உட்சில்லு கூடுதலாகத் திரும்பினாலன்றி இரண்டும் இழுபடாமல் உருளமாட்டா. இலண்டனிலே சித்திரப் பதிப்பாளராயிருந்த ருடோல்ப் அக்கெர்மன், லாங்கென்ஸ்பெர்கரின் முகவராக 1818இல் இதற்கு உரிமை பெற்றார். கண்டவரின் பெயர் மறைய, பத்திரத்திற் கையொப்பமிட்டவரின் பெயர் இன்றளவும் இவ்வமைப்பிற்கு வழங்குகின்றது. குதிரை வண்டிகளிலே அது பரவவில்லை. 1873இல் பிரான்சு நாட்டு அமெடே பொலே தம் நீராவி வண்டியில் முன்சில்லுகளைத் தனித்தனி முளைகளில் திருப்பினார். 1886இல் கார்ல் பென்ஸ் உரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கோ மூன்று சில்லுகளே. நான்கு சில்லு வண்டிக்கு ஏற்ற திருப்பும் முறைக்கு அவர் 1893இலேதான் உரிமை பெற்றார்.

1888இல் ஜோன் பொயிட் டன்லப் பெல்பாஸ்ற் நகரிற் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றபின், கணக்குத் தலைகீழாயிற்று. வீதி வரவரக் கடினமாகித் தார் பூண்டது, சில்லோ மென்மையாயிற்று. ஆயினும் தச்சரின் பழைய சாய்வு மோட்டார் வண்டியிலும் தொடர்ந்தது. தலை வெளியே சாய்ந்த முன்சில்லினால் திருப்பும் பாரம் குறைந்தது. நடு உயர்ந்த வீதிக்கும் அது பொருந்தியது. சாய்ந்த சில்லு வெளியே விலகி ஓட முயல்வதால், அதனை அடக்க இரு சில்லுகளின் முன்பக்கத்தையும் சற்றே உள்ளே ஒடுக்கினர். இவையே தொழிற்சாலைகளில் கேம்பர் என்றும் ரோ-இன் என்றும் வழங்குவன. சாய்வு மிகின் வெளித்தோள் மாத்திரம் தேயும். ஒடுக்கம் மிகினும் வெளியோரமே தேயும். ஆனால் அங்கே அரம்போன்ற சொரசொரப்பும் கைக்குத் தட்டும். முன்பக்கம் அகன்று நின்றால் உள்ளோரம் தேயும். காற்றுக் குறைந்தோடிய ரயரில் இரண்டு ஓரங்களும் தேய்வதைக் கண்டு கோணத்தை மாற்றுவோரும் உளர்; அது வீண் வேலை.

இத்தேய்வு 1942இல் அரசுகளின் கவலையாயிற்று. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானதும், நேசநாடுகள் தம் இயற்கை இறப்பரின் பெரும்பகுதியை இழந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாண்டு சனவரியிலேயே ரயர்கள் பங்கீட்டுக்கு உட்பட்டன. பின்னர் மணிக்கு 35 மைல் என வேகம் வரையறுக்கப்பட்டது. ரயர்களைப் பரிசோதிப்பித்தலும் கட்டாயமாயிற்று. பெற்றோல் மிகுந்த பகுதிகளிலும் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது; காக்கப்பட்டது பெற்றோலன்று, இறப்பர். எஞ்சிய மூலங்களில் இலங்கை தலையாயதாயிற்று. 1876இல் பிரேசில் வித்துக்களிலிருந்து கியூ பூங்காவில் முளைத்து, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் வேரூன்றிய நாற்றுக்களின் வழிவந்த மரங்கள், மரத்தின் ஆயுளையும் பாராது வெட்டிப் பால் எடுக்கப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் விடியுமுன் சிரட்டையிற் சொட்டிய பால், கோணி நின்ற ஒரு சில்லினால் எங்கோ ஒரு நெடுஞ்சாலையிற் பொடியாய் உதிர்ந்திருக்கவும் கூடும்.

போருக்குப்பின் மிச்சலின் நிறுவனம் 1946இல் உரிமை பெற்று 1949இல் விற்பனைக்கு விட்ட ரேடியல் ரயர், முன்னையவற்றிலும் பன்மடங்கு மெல்லத் தேய்ந்தது. சில்லுகளின் பழைய வெளிச்சாய்வும் பெரும்பாலும் நீங்கிற்று. பின்சில்லுகளும் தனித்தனியே தொங்கும் கார்கள் பெருகவே, அளவெடுத்தல் நான்கு சில்லுக்குமாயிற்று. இன்று சில்லுகளிற் பூட்டிய தகடுகளைக் கமெராக்கள் நோக்க, பாகையின் அறுபதில் ஒரு கூறான கலைக் கணக்கிலே கோணங்கள் திரையில் தோன்றுகின்றன. கமெராக்கள் காட்டுமுன்னரே, பழகிய தொழிலாளி குனிந்து ரயரின்மேற் கையைத் தடவிவிடுகின்றார்.