குழந்தையின் பசியும் அன்னையின் மீது விழுந்த பழியும்

குழந்தைகளின் ஸ்தூல சரீரத்துக்கு அவர்கள் வளர்ந்த குடும்பத்தின் மனோநிலையே மூலகாரணம் என்று ஹில்டே புரூக் வகுத்த சித்தாந்தத்தை, அவர் திரட்டிய சான்றுகளே தாங்குமா என்று விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1901இல் வியன்னாவின் ஃபிரோலிக், பிட்யூட்டரிக் கட்டியால் பருத்துப் பருவ வளர்ச்சி குன்றிய ஒரு சிறுவனை விவரித்த பின்னர், பருத்த சிறுவர் பலருக்கும் அவர் பெயராலான நோயே சாட்டப்பட்டது. 1934இல் நியூயார்க் வந்தடைந்து குழந்தை வைத்தியராகப் பணியாற்றிய புரூக், அத்தகைய குழந்தைகளை அளந்து பார்த்து, அவர்கள் ஒத்த வயதினரைவிட உயர்ந்திருந்ததையும், பருவமெய்துவதில் தாமதமின்மையையும் காட்டி, அந்தத் தவறான நோய்நிதானத்தை வீழ்த்தினார். இவ்வளவில் அவருக்கு வைத்திய உலகம் கடமைப்பட்டுள்ளது.

ஆனால் 1940இல் கிரேஸ் டுரைனுடன் இணைந்து எழுதிய குடும்ப ஆய்வில், பிட்யூட்டரி காரணமன்று என்பதிலிருந்து சரீரமே காரணமன்று என்னும் முடிவை நோக்கி அவர் நகர்ந்துவிடுகிறார். அன்புக்கு ஈடாக உணவை ஊட்டும் தாய் அங்கே காரணகர்த்தா ஆகிறாள். ஆயின் நோயியலாளர் எர்ட்ஹைம் 1904இலேயே குற்றம் பிட்யூட்டரியில் இல்லை, அதற்கு மேலுள்ள மூளைப் பகுதியில் உள்ளது என்று வாதித்திருந்தார். ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் மூளையில் அப்பகுதியான ஹைப்போதலாமஸைச் சிதைத்து அவை பருப்பதைக் காட்டியதும் அதே 1940தான். அன்றியும், புரூக் கண்ட அன்னையர் எல்லாரும் குழந்தை பருத்த பிறகே காணப்பட்டவர்கள். ஓயாமல் உணவு கேட்டு அழும் குழந்தைக்கு ஊட்டியே தீர வேண்டியிருந்த ஒரு தாயின் செயலைக் காரியமென்று கொள்ளாமல் காரணமென்று கொண்டதற்கு அவர் நூல்களில் நிரூபணம் எதையும் நான் காணவில்லை.

இவ்விடத்தில் 1997இல் கேம்பிரிட்ஜில் மொன்டேகு, ஃபாரூகி, ஓ'ராஹிலி முதலியோர் வெளியிட்ட ஒரு மரபணுப் பாடபேதத்தை நின்று நோக்க வேண்டும். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பமொன்றில், எட்டு வயதில் 86 கிலோ எடையுள்ள சிறுமிக்கும், இரண்டு வயதில் 29 கிலோ எடையுள்ள அவளது உறவுச் சிறுவனுக்கும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவில் ஒரேயொரு குவானின் எழுத்து விடுபட்டிருந்தது. எழுத்துகளை மும்மூன்றாகக் கூட்டிப் படிக்கும் ஓர் ஏட்டில், பெயர்த்தெழுதியவன் ஓரெழுத்தை விட்டுவிட, அதன்பின் வந்ததெல்லாம் வேறு பாடமாய்த் திரிந்தது போல, 132ஆம் அமினோ அமிலத்துக்குப் பின் பொருந்தாத 14 சேர்ந்து, புரதம் அங்கேயே முறிந்துபோயிற்று. பிறந்தபோது இருவரும் இயல்பான எடையினரே. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்ப வேண்டிய செய்தி கிடைக்காமையால் பசி மட்டும் தணியவில்லை. 1999இல் வெளியான சிகிச்சை விவரத்தின்படி, 94.4 கிலோ எடையுடன் லெப்டின் ஊசி பெறத் தொடங்கிய அச்சிறுமியின் உணவு வேட்கை ஒரு வாரத்துக்குள் தணிந்தது, ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. ஹார்மோன் ஒன்றைக் கொடுத்ததே அங்கு நேர்ந்த மாறுதல்.

இக்குறை மிக அபூர்வமானது. புரூக்கின் குழந்தைகளுக்கு இதுவே இருந்ததென்று நான் சொல்லவில்லை. எனினும் 1998இல் மனிதரிடம் கண்டறியப்பட்ட பசியை அடக்கும் மூளை ஏற்பிக்குரிய எம்.சி.4.ஆர். மரபணுக் குறையுள்ள குழந்தைகள் பெரும்பசியோடு வேகமான உயர வளர்ச்சியும் உடையவர்கள். புரூக் அளந்து பதித்த உயரத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. மிகையுணவே உயர வளர்ச்சியைத் துரிதப்படுத்தும் என்ற ஆட்சேபம் வலுவானதே. ஆயினும் அந்த மிகைப்பசி எங்கிருந்து வந்தது என்ற வினாவை அது தீர்க்கவில்லை.

பசி ஒழுக்கத்தின் எல்லையிலிருந்து சரீர இயலின் எல்லைக்குள் புகுந்த ஆண்டு எது? கொழுப்புத் திசுவே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்று கென்னடி அனுமானித்த 1953ஐச் சொல்லலாம். ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் மரபணுவை இனங்கண்ட 1994ஐயும் சொல்லலாம். முன்னதில் நிரூபணம் இல்லை, பின்னதில் மனிதக் குழந்தை இல்லை. ஆதலால் 1999ஐ நோக்கியே என் அபிப்பிராயம் சாய்கிறதாயினும், ஒரே குடும்பத்துச் சான்றைக் கொண்டு அதை முடிந்த முடிவாக்க நான் துணியேன்.