சிலேதார்: குதிரை யாருடையது?

ஓசூரும் கிருஷ்ணகிரியும் மைசூர் ஆட்சியில் இருந்த காலத்தில், ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளில் இலகு குதிரை வீரர்களில் ஒரு பிரிவினருக்கு ‘சிலேதார்’ என்று பெயர். ‘சிலாஹ்’ என்னும் அரபிச் சொல்லுக்கு ஆயுதம் என்பது பொருள். ‘தார்’ என்னும் பாரசீக ஈறு உடையவரைக் குறிக்கும்; தாசில்தார், ஹவில்தார் ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. ஆக, சிலேதார் என்பவர் ஆயுதம் உடையவர்.

வழக்கில் அச்சொல்லின் பொருள் விரிந்தது. சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து ஊதியத்துக்குப் போரிட்டவரே சிலேதார். பிறர் அளித்த குதிரையில் ஏறியவர் ‘பார்கீர்’. இவ்வேறுபாடு சிறிதன்று. குதிரை மாண்டால் சிலேதாரின் முதலும் பிழைப்பும் ஒருசேரப் போகும். எனவே, நேருக்கு நேர் மோதுவதைவிட வேவு பார்ப்பதும் எதிரியின் தானிய வண்டிகளை மறிப்பதுமே அவருக்கு ஏற்ற பணிகளாயின.

கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் 1792-லும், ஓசூர் 1799-லும் ஆங்கிலேயர் வசமாயின. வங்காள, பம்பாய்க் குதிரைப்படைகளில் அவர்களும் சிலேதார் முறையைக் கையாண்டனர். முதல் உலகப் போரின் இழப்புகளை ஈடுகட்ட இயலாமல் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

சொல் வழக்கொழிந்தது, ஏற்பாடு ஒழியவில்லை. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குச் சொந்த லாரியில் சரக்கேற்றுபவரும், சொந்த இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டு செல்லும் இளைஞரும் இன்றைய சிலேதார்களே. வண்டி பழுதானால் நட்டம் யாருக்கு என்பதையும் கணக்கிட்டே அவர்களின் கூலியை மதிப்பிட வேண்டும்.