டைகர் அண்ட் பன்னி: சம்பளத்துக்கு உழைத்த நாயகர்கள்

டைகர் அண்ட் பன்னி 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 25 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அனிமே தொடர். சன்ரைஸ் நிறுவனம் தயாரித்தது. கெய்ச்சி சாட்டோ இயக்கினார். மசாஃபுமி நிஷிதா கதையமைப்பைக் கவனித்தார். பாத்திரங்களை வரைந்தவர் மங்கா ஓவியர் மசகாசு கட்சுரா. தலைப்பில் உள்ள ‘பன்னி’ என்ற சொல்லைத் தமிழில் படிப்பவர்களுக்கு வேறொரு விலங்கு நினைவுக்கு வரக்கூடும். இங்கே அது முயல்குட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் செல்லப்பெயர். நாயகர்களில் மூத்தவன் இளையவனைச் சீண்டுவதற்காக வைத்த பெயர் அது. இளையவனுக்கு அது கடைசிவரை முழுதாகப் பிடித்ததில்லை.

சூப்பர் ஹீரோக் கதைகளில் பொருந்தாத இருவரைச் சேர்த்துவைப்பது பழைய உத்தி. இந்தத் தொடர் அதில் என்ன புதிதாகச் செய்தது என்பதில் பார்த்தவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு விடை தேட ஜப்பானிய நாயகத் தொடர்களின் பணக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

பொம்மைக் கம்பெனியும் நாயகனும்

1971இல் தொடங்கிய கமென் ரைடர் தொடரில் நாயகன் உருமாற ஒரு பெல்ட் அணிவான். அந்த பெல்ட்டைப் பொம்மையாக்கி பண்டாய் குழுமத்தைச் சேர்ந்த பாப்பி நிறுவனம் விற்றது. குழந்தைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஜப்பானில் நாயகத் தொடர்களும் ரோபோத் தொடர்களும் பொம்மைக் கம்பெனிகளின் கையை எதிர்பார்த்தே எடுக்கப்பட்டன. இதன் சூட்டை சன்ரைஸ் நேரடியாகவே அனுபவித்தது. 1979இல் அது தயாரித்த மொபைல் சூட் கண்டம் தொடருக்குப் பணம் கொடுத்தது க்ளோவர் என்ற பொம்மை நிறுவனம். எதிர்பார்த்த விற்பனை இல்லை. 52 அத்தியாயங்களாகத் திட்டமிட்ட தொடர் 43இல் முடித்துவைக்கப்பட்டது. அதே தொடரின் பிளாஸ்டிக் மாதிரிகளை 1980 முதல் பண்டாய் விற்கத் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. 1994இல் சன்ரைஸ் நிறுவனமே பண்டாய் குழுமத்துக்குள் போய்விட்டது.

ஆக, நாயகனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளம்பரதாரர் நின்றுகொண்டிருந்தார். திரையில் மட்டும் தெரியமாட்டார். டைகர் அண்ட் பன்னி அவரைத் திரைக்குள் இழுத்துவந்தது. நாயகர்களின் கவசத்தில் உண்மையான நிறுவனங்களின் சின்னங்கள் ஒட்டப்பட்டன. வைல்ட் டைகரின் உடலில் சாஃப்ட்பேங்க், பார்னபியின் உடலில் பண்டாய், பனிக்கட்டியை வீசும் புளூ ரோஸ் மீது பெப்சி. காளை உருவக் கவசம் அணிந்த ராக் பைசனுக்கு கியூகாக்கு என்ற சுட்ட இறைச்சி உணவகம் கிடைத்தது; அந்தப் பெயருக்கே ‘மாட்டுக் கொம்பு’ என்றுதான் பொருள். நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கிய இடம் இது. ஆனால் கதைக்குள்ளும் நாயகர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பதால் விளம்பரம் துருத்திக்கொண்டு தெரியவில்லை. விளம்பரத்தைக் கேலி செய்துகொண்டே அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்ட சாமர்த்தியம் என்று இதைச் சொல்லலாம். கேலி பல்லில்லாமல் போனது அதனால்தான் என்று குறை சொல்வோரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நகரமும் வேலையும்

கதை நடப்பது நியூயார்க்கின் சாயலில் மூன்று அடுக்குகளாகக் கட்டப்பட்ட ஸ்டெர்ன்பில்ட் என்ற கற்பனை நகரத்தில். நெக்ஸ்ட் என்று அழைக்கப்படும் விசேஷ ஆற்றல் கொண்டவர்களில் சிலர் ‘ஹீரோ டிவி’ என்ற நேரலை நிகழ்ச்சியில் குற்றவாளிகளைப் பிடிக்கிறார்கள். கைதுக்கும் மீட்புக்கும் புள்ளிகள் உண்டு. பருவ முடிவில் அதிகப் புள்ளி பெற்றவர் நாயகர்களின் அரசர். புளூ ரோஸாக வருபவள் பாடகியாக ஆசைப்படும் பள்ளி மாணவி. பாட வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காக இந்த வேலைக்கு வந்தவள். ஓரிகாமி சைக்ளோன் சண்டைக்கே போவதில்லை. கேமராவின் ஓரத்தில் எப்படியாவது நின்று தன் விளம்பரச் சின்னம் தெரியும்படி பார்த்துக்கொள்வான். வேடிக்கைக்காக வைத்த பாத்திரம்தான். ஆனால் அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும்.

இந்தச் சூழலில்தான் கொடெட்சு கபுராகி என்ற வைல்ட் டைகர் வருகிறான். மனைவியை இழந்தவன், மகள் கயெடெ ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆட்களைக் காப்பாற்றும் அவசரத்தில் கட்டடங்களை உடைத்து அபராதம் கட்டுவது அவன் வழக்கம். புள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவனுடைய பழைய நிறுவனம் நாயகர் தொழிலை மூடிவிட, அப்பொல்லோன் மீடியா அவனை எடுத்துக்கொள்கிறது. ஒரே நிபந்தனை, புதிதாக வந்த பார்னபி புரூக்ஸ் ஜூனியருடன் ஜோடியாக வேலை செய்ய வேண்டும். அவனை வேலைக்கு வைத்திருந்த பழைய முதலாளி பென் டாக்சி ஓட்டப் போய்விடுகிறார். சூப்பர் ஹீரோத் தொடர் ஒன்று ஆட்குறைப்பில் தொடங்குவது அரிது.

ஒரே ஆற்றல், இரண்டு பேர்

இருவருக்கும் உள்ள ஆற்றல் ஒன்றே: ஐந்து நிமிடங்களுக்கு உடல்வலிமை நூறு மடங்காகும், தீர்ந்தால் மீண்டும் வர ஒரு மணி நேரம். பொருந்தாத ஜோடி என்றால் ஒருவன் பலசாலி, மற்றவன் புத்திசாலி என்று பிரித்துவைப்பதுதான் வழக்கம். இங்கே அப்படிப் பிரிக்கவில்லை. ஆற்றல் சமம் என்பதால் வயது, அனுபவம், எதற்காக உழைக்கிறோம் என்ற எண்ணம் ஆகியவை மட்டுமே வித்தியாசமாக மிஞ்சுகின்றன. நிறுவனத்தின் கண்ணில் பார்த்தால், ஒரே வேலையைச் செய்ய இளையவன் ஒருவன் கிடைத்துவிட்டான். மூத்தவன் எதற்கு?

முதல் அத்தியாயத்தில் கீழே விழும் டைகரைப் பார்னபி இரு கைகளிலும் ஏந்திப் பிடிக்கும் காட்சி ரசிகர்களிடையே நெடுநாள் பேசப்பட்டது. அந்தக் காட்சியின் சிரிப்புக்குள்ளே ஓர் அவமானமும் இருக்கிறது. பார்னபி தன் முகத்தையும் உண்மைப் பெயரையும் மறைக்காத நாயகன். நான்கு வயதில் பெற்றோரைக் கொன்றவனைத் தேடுவதற்காகவே அவன் புகழை விரும்புகிறான். அவன் கொடெட்சுவை ‘ஓஜிசான்’ என்கிறான்; நம் பேச்சில் ‘பெருசு’ என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் சொல். தொடரின் பாதியில், ஜேக் மார்ட்டினெஸ் என்ற வில்லனை வீழ்த்திய பிறகே அவன் வாயில் கொடெட்சுவின் பெயர் வருகிறது. ஒரு விளிப்புச் சொல் மாறுவதற்குப் பதின்மூன்று அத்தியாயங்கள் எடுத்துக்கொண்ட பொறுமை இந்தத் தொடரின் பெரிய பலம்.

மிஸ்டர் லெஜண்டின் நிழல்

கொடெட்சுவின் ஆதர்சம் மிஸ்டர் லெஜண்ட் என்ற முதல் தலைமுறை நாயகர். சிறுவயதில் அவனைக் காப்பாற்றி, அவன் ஆற்றலுக்கு ஒரு பயன் உண்டு என்று உணர்த்தியவர். பின்பாதியில் தெரியவரும் உண்மை வேறு. லெஜண்டின் ஆற்றல் வயதோடு குறைந்துபோனது. புகழ் சரியக் கூடாது என்பதற்காகக் கைதுகள் ஏற்பாடு செய்யப்பட்டன. அவரோ குடித்துவிட்டு வீட்டில் மனைவியை அடித்தார். தாயைக் காக்க முயன்ற மகன் யூரியின் கையால் அவர் இறந்தார். அந்த யூரிதான் பகலில் கொடெட்சுவுக்கு அபராதம் விதிக்கும் நீதிபதி, இரவில் கொலைகாரர்களைக் கொல்லும் லூனட்டிக்.

கொடெட்சுவின் ஆற்றலும் அதேபோல் தேயத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம் நான்காகி, மூன்றாகி, கடைசியில் ஒரு நிமிடத்தில் வந்து நிற்கிறது. லெஜண்டைப் போல மறைப்பதா, விலகுவதா என்ற கேள்வியே தொடரின் உண்மையான மையம். வில்லன்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அவன் பார்னபியிடம் சொல்லத் தயங்கித் தயங்கித் தள்ளிப்போடும் அத்தியாயங்களில் சண்டைக் காட்சிகள் இல்லாமலே பதற்றம் ஏறுகிறது.

பாராட்டும் குறையும்

நடுவயது மனிதனை நாயகனாக வைத்த இத்தொடர் வேலைக்குப் போகும் பெரியவர்களை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது. அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் பெண்கள் ஏராளம். இருவருக்கும் இடையே உள்ள நெருக்கத்தைப் பலர் காதலாகவும் வாசித்தார்கள். குரல் கொடுத்த ஹிரோஆக்கி ஹிராத்தாவுக்கும் மசகாசு மொரிதாவுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு; ஜானி டெப்புக்கு ஜப்பானியக் குரல் தருபவராக அறியப்பட்ட ஹிராத்தாவின் சோர்ந்த குரல் கொடெட்சுவுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

குறைகளில் முதலாவது, இறுதிப் பகுதி. பார்னபியை வளர்த்த ஆல்பர்ட் மேவரிக்கே வில்லன் என்பதும், அவன் எல்லோருடைய நினைவுகளையும் மாற்றிவிட்டான் என்பதும் பல முடிச்சுகளை எளிதாக அவிழ்க்கும் வழியாகிவிட்டன. விளம்பரமும் முதலாளித்துவமும் எப்படி நாயகனைத் தின்கின்றன என்று தொடங்கிய கதை, ஒரு கெட்ட மனிதனைக் கண்டுபிடித்ததும் அந்தக் கேள்வியைக் கைவிட்டது. இரண்டாவது, ஃபயர் எம்பளம் என்ற நேதன் சீமோர். ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத இந்தப் பாத்திரம் ஆரம்பத்தில் மற்ற ஆண்களைத் தொட்டுச் சீண்டும் மலிவான நகைச்சுவைக்கே பயன்பட்டது. 2014 பிப்ரவரியில் வந்த தி ரைசிங் திரைப்படம் நேதனின் கடந்தகால வலிக்கு இடம் கொடுத்து இதை ஓரளவு சரிசெய்தது. அதற்கு முன் 2012இல் வந்த தி பிகினிங் திரைப்படத்தின் பெரும்பகுதி தொடரின் தொடக்கத்தையே திரும்பச் சொன்னது.

துணைப் பாத்திரங்களில் ஸ்கை ஹை பற்றிக் கருத்து வேறுபாடு குறைவு. அரசர் பட்டத்தை இழந்த அவன் பூங்கா பெஞ்சில் ஒரு பெண்ணிடம் மனம்விட்டுப் பேசுகிறான். அவள் ஒரு ரோபோ என்பதும், இரவில் தான் அழித்தது அவளையே என்பதும் அவனுக்குத் தெரியவே வராது. பூங்கொத்துடன் காத்திருக்கிறான்.

நாயகர்களுக்குத் தரவரிசை வைக்கும் ஒன் பஞ்ச் மேன் 2015இலும் மை ஹீரோ அகாடமியா 2016இலும் அனிமேயாக வந்து உலகெங்கும் பரவின. டைகர் அண்ட் பன்னிக்கு அந்த அளவு பரப்பு கிடைக்கவில்லை. 2015இல் அறிவிக்கப்பட்ட ஹாலிவுட் படமும் வெளிவரவில்லை. இரண்டாம் பருவம் 2022இல் நெட்ஃபிளிக்ஸில் இரு பகுதிகளாக வந்தது. புதிய நாயகர்களுக்கும் ஜோடிகள் உருவாக்கப்பட்டதால் கதை பலர் மீது பரவிவிட்டது. முதல் பருவத்தின் செறிவு அதில் இல்லை.

முதல் பருவம் முடியும் இடம் அதற்கு நேர் எதிரானது. இருவரும் வேலையை விட்டுப் போய் ஓராண்டுக்குப் பின், கொடெட்சு இரண்டாம் நிலை நாயகர்களின் அணியில் சேர்ந்து மீண்டும் கவசம் போடுகிறான். கையில் இருப்பது ஒரு நிமிடம் மட்டுமே. மகளுக்கு இப்போது எல்லாம் தெரியும். நேரம் தீர்ந்து கீழே விழுகிறவனைப் பிடிக்க அதே இரு கைகள் நீள்கின்றன.