திருப்புறம்பயம் தந்த வரலாற்றாசிரியர்

கும்பகோணத்திற்கு வடமேற்கே, மண்ணியாற்றங்கரைப் பகுதியில் உள்ள சிற்றூர் திருப்புறம்பயம். தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. கி.பி. 880ஐ ஒட்டி அங்கு நிகழ்ந்த பெரும்போரில் பல்லவன் அபராசிதனும் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதியும் ஓரணியில் நின்று பாண்டியன் வரகுணனை எதிர்த்தனர். சோழர் பல்லவர் பக்கம் நின்றனர் என்பர் வரலாற்றாசிரியர். வெற்றியைத் தேடித் தந்த பிருதிவிபதி அக்களத்திலேயே உயிர் நீத்தான் என்பதை உதயேந்திரச் செப்பேடு உரைக்கிறது. தஞ்சைச் சோழர் பேரரசாக எழுவதற்கு வழி திறந்தது அப்போரே.

அவ்வூரில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். சோழர் எழுச்சிக்குக் களமான ஊரில் பிறந்தவரே பின்னாளில் சோழர் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதினார்.

1917 முதல் 1942 வரை அவர் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக விளங்கினார். இருபத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குச் செய்யுளும் இலக்கணமும் பயிற்றுவித்துக்கொண்டே கல்வெட்டுகளை ஆராய்ந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' போன்ற இதழ்களில் கட்டுரைகள் வரைந்தார். அவரது 'முதற் குலோத்துங்க சோழன்' 1930இல் வெளிவந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன்பே ஒரு பள்ளித் தமிழாசிரியர் சோழ வேந்தன் ஒருவனது வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்திருந்தார்.

தமிழாசிரியர் பணிக்கும் வரலாற்றாய்வுக்கும் இடையே தூரமில்லை என்பதை அவர் நூல்கள் காட்டுகின்றன. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனது ஆட்சியாண்டை மட்டுமே குறிப்பன. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மன்னர்கள் மாறிமாறிப் புனைந்தமையால், 'பரகேசரியின் ஐந்தாம் ஆண்டு' என்று மட்டும் இருப்பின் அப்பரகேசரி யார் என்பதே வினாவாகும். முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி மரபு அவ்வினாவுக்குப் பெரிதும் விடை தருகிறது. மெய்க்கீர்த்தியோ அகவல் நடையில் அமைந்த செய்யுள். அதன் அடைமொழிகளுள் எது புகழுரை, எது நிகழ்ச்சி என்று பிரித்தறிய யாப்பும் இலக்கிய மரபும் அறிந்த கண் வேண்டும். அக்கண் பண்டாரத்தாருக்கு வாய்த்திருந்தது. கலிங்கத்துப்பரணியை அவர் கவிதையாகச் சுவைத்தார். கல்வெட்டோடு வைத்துச் சான்றாகவும் எடைபோட்டார்.

அவரது நடுநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு, ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய ஆய்வு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்கு உரியது. கொலைத் துரோகிகளான இரவிதாசன் முதலியோரின் உடைமைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை அது தெரிவிக்கிறது. இக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் உத்தம சோழனைக் குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றும் இல்லை. இறந்து ஆயிரம் ஆண்டாகிய ஒருவன்மீது சான்றின்றிப் பழி சுமத்தலாகாது என்பதும் வரலாற்றறமே. புகழ்பெற்ற பேராசிரியரின் முடிவாயினும் சான்று கொண்டு மறுக்கலாம் என்னும் துணிவு அவரிடம் இருந்தது.

1942இல், ஐம்பதாம் அகவையில், அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அப்பல்கலைக்கழக வெளியீடாக 1949இலும் 1951இலும் முதலிரு பகுதிகளைக் கண்டது. மூன்றாம் பகுதி 1961இல் அச்சேறியபோது அதைக் காண ஆசிரியர் இல்லை. 1960 சனவரியில் அவர் மறைந்துவிட்டார்.

பேரரசின் வரலாற்றை எழுதியவர் தம் ஊரை மறந்துவிடவில்லை. பல்கலைக்கழகப் பணியில் இருந்தபோதே, 1946இல், திருப்புறம்பயத்தின் தல வரலாற்றை எழுதினார். செம்பியன்மாதேவி என்னும் ஊரின் வரலாறும் காவிரிப்பூம்பட்டினத்தின் வரலாறும் அவரால் நூலாயின. பெரிய வரலாறு சிறிய ஊர்களின் சுவர்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றும் திருப்பணியின்போது சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்பட்டு, மணல்வீச்சால் தேய்க்கப்பட்டு, எழுத்திழந்த கற்கள் பல உள்ளன. படியெடுக்கப்படாத ஒரு கல் சிதையுமாயின் அது தாங்கிய செய்தியை மீட்க வழியில்லை. தம் ஊர்க் கோயிற் சுவரின் முன் நின்று ஒரு வரியேனும் எழுத்துக்கூட்டிப் படிக்க முயலும் ஆசிரியரும் கவிஞரும் பண்டாரத்தாரின் மாணவரே ஆவர். அவருக்கு எடுக்கத்தக்க நினைவுச்சின்னம் அதுவே.