வேதாளைக் கரையில் சிலுவைக் கொடி

போன வாரம் வர்னா போர்க்களத்தில் நிறுத்தியிருந்தோம். 1444 நவம்பர் 10. ஓட்டோமான் துருக்கியரை ஐரோப்பாவை விட்டே விரட்டக் கிளம்பிய போலந்து மன்னன் விளாதிஸ்லாவ், படைக்கு முன்னால் பாய்ந்து போய்த் தலையை இழந்தான். அதற்கு முன்பே 1396-ல் நிக்கோபோலிஸ் தோல்வி. பின்னால் 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. 1456-ல் பெல்கிரேடைக் காப்பாற்றியதைத் தவிர, கிறிஸ்தவப் படைகளுக்கு நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வாய்க்கவில்லை.

முன்வாசல் திறக்காததால் கொல்லைப்புறமாக வரலாம் என்று போர்ச்சுக்கல் நினைத்தது. 1455-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அந்நாட்டுக்கு ஓர் ஆணை கொடுத்தார். ஆப்பிரிக்கக் கரை நெடுக முஸ்லிம்களை வெல்லலாம், வணிகத்தையும் தனியுரிமையாக வைத்துக்கொள்ளலாம் என்பது சாரம். புண்ணியமும் லாபமும் ஒரே ஓலையில்! செங்கடல் வாயை அடைத்து, பின்பக்கமாகப் போய் ஜெருசலேமைப் பிடிப்பது மன்னர் மனுவேலின் கனவு. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பின்னால் மிளகு மட்டும் இல்லை, இந்தக் கனவும் இருந்தது. 1517-ல் துருக்கியர் எகிப்தைப் பிடித்து செங்கடலுக்கு வந்துவிட்டார்கள். அரபிக்கடலில் இரண்டு தரப்பும் மோதுவது அப்போதே உறுதியாகிவிட்டது.

அந்த மோதலின் ஒரு காட்சி நம் இராமநாதபுரம் கரையில், மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையில் நடந்தது.

தொடக்கம் முத்துச் சலாபம். தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்த பரதவருக்கும், முத்து வணிகத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் வணிகருக்கும் நெடுநாள் புகைச்சல். 1530-களின் தொடக்கத்தில் ஒரு பரதவப் பெண் அவமதிக்கப்பட்டாள். தட்டிக்கேட்ட கணவனின் காது கம்மலோடு அறுபட்டது. இரு பக்கமும் ரத்தம் கொட்டியது. மலபாரிலிருந்து வந்த குதிரை வியாபாரி ஜொவாம் தா குரூஸ், 'கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள்' என்று யோசனை சொன்னார். அதற்கு விலை ஞானஸ்நானம். 1536, 37-ல் சுமார் 20,000 பேர் மதம் மாறினார்கள். இதை ஏமாற்று என்றோ திடீர் ஞானம் என்றோ எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இது கணக்குத் தெரிந்த ஒரு சமூகம் எடுத்த அரசியல் முடிவாகத்தான் படுகிறது.

கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரி சும்மா இருக்கவில்லை. பட்டு மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார், அலி இப்ராஹிம் ஆகியோர் தலைமையில் பெரிய படகுப் படையைக் கிழக்கே அனுப்பினார். இலங்கையில் கோட்டை இராச்சியத்தின் அரசன் புவனேகபாகுவை எதிர்த்த தம்பி மாயாதுன்னைக்குத் துணை நிற்பதும் அதன் நோக்கம். பாம்பன் பக்கத்துத் திட்டுகளைக் கடக்குமுன் படகுகள் வேதாளையில் கரையேறியிருந்தன. 1538 தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியத் தளபதி மார்த்திம் அஃபோன்சோ தெ சூசா அங்கே பாய்ந்தார். சாமூத்திரியின் படை சிதறியது. படகுகளும் பீரங்கிகளும் போர்ச்சுக்கீசியர் வசமாயின.

இந்த சூசா, சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிரேசிலில் சாவோ விசெந்தே குடியேற்றத்தை நிறுவியவர். 1542-ல் பிரான்சிஸ் சேவியரைக் கப்பலில் கோவாவுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

வேதாளையின் விளைவு செப்டம்பரில் தெரிந்தது. எகிப்தின் ஓட்டோமான் ஆளுநர் சுலைமான் பாஷா, சுமார் 70 கப்பல்களோடு சூயஸிலிருந்து வந்து குஜராத்தின் தியூ கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே அந்தோனியோ தா சில்வெய்ரா தலைமையில் சில நூறு பேர். மலபாரிலிருந்து கைகொடுக்கக்கூடிய படகுகளை வேதாளை விழுங்கியிருந்தது. வழியில் ஏடன் ஆட்சியாளரை விருந்தாளிபோல் கப்பலுக்கு அழைத்துத் தூக்கிலிட்டவர் பாஷா. அந்தச் செய்தி கேட்ட பிறகு, அவருக்குத் துணை நின்ற குஜராத்தியர் அவரை எப்படி நம்புவார்கள்? பாஷாவின் படைக்கு உணவு வரத்து சுருங்கியது. நவம்பரில் பாஷா கிளம்பிவிட்டார். இதற்கிடையே செப்டம்பர் 28 அன்று மத்தியதரைக் கடலில், பிரெவேசாவில், போப் திரட்டிய கூட்டணிக் கடற்படையை ஓட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசா தோற்கடித்திருந்தார். ஒரே ஆண்டில், ஒரே பகையில், அங்கே துருக்கியர் வென்றார்கள், இங்கே தோற்றார்கள்.

ஆனால் வேதாளையில் செத்த மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளை வீரர்கள் இஸ்தான்புல் சுல்தானுக்காகச் சாகவில்லை. மிளகுக்கும் முத்துக்கும் கடல்வழிக்கும்தான் சண்டை. லிஸ்பனுக்குப் போன கடிதங்கள் அதற்குச் சமயப்போர் என்று சாயம் பூசின.

வென்ற இடத்தில் போர்ச்சுக்கீசியர் ஒரு சின்னக் கோட்டையும் கட்டினார்கள். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கோட்டைத் தலைவர் குறுக்கே அகழி வெட்டி, கடக்கச் சுங்கம் கேட்டார். 1549-ல் விஜயநகரத்தின் வடுகப் படை வந்து இறங்கியது. போர்ச்சுக்கீசிய வீரர்கள் படகேறித் தப்பினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிடப் பின்தங்கிய இத்தாலியப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கரையிலேயே கொல்லப்பட்டார். இயேசு சபை இந்தியாவில் தன் முதல் மறைசாட்சியாகக் கொண்டாடுவது இவரைத்தான். துருக்கியரை வளைக்க வந்தவர்களின் கணக்கில் அவர் உயிர் போனது ஒரு சுங்கத் தகராறில்.

அடுத்த வாரம் 1571, லெபாந்தோ.